முன்னாள் கணவரின் அகதிக் கோரிக்கை முடியவில்லை: பிள்ளை விஷயத்தில் எதில் கையெழுத்திடலாம், எதில் கூடாது?

நீங்கள் எழுதியதை நான் விளங்கிக்கொண்டபடி முதலில் சொல்கிறேன். எட்டு வயது மகனுடன் வெள்ளவத்தையில் இருக்கிறீர்கள். கொழும்பு மாவட்ட நீதிமன்றத்தில் விவாகரத்து முடிந்து, பிள்ளை உங்கள் பொறுப்பில். தகப்பனுக்குச் சந்திக்கும் உரிமை உண்டு. அவர் சுற்றுலா விசாவில் கனடா போய் அங்கே அகதிக் கோரிக்கை வைத்திருக்கிறார். விசாரணைத் தேதி இன்னும் வரவில்லை. வாரம் ஒருமுறை வீடியோவில் மகனோடு பேசுகிறார். செலவுக்குப் பணம் ஒரு மாதம் வந்தால் இரண்டு மாதம் வருவதில்லை. இப்போது மகனைக் குறித்து, "தம்பியின் பெயரையும் சேர்க்க வேண்டும், படிவம் அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு" என்கிறார். உங்கள் அண்ணா, "விசா இல்லாதவனுக்கு என்ன உரிமை, பேச்சை நிறுத்து" என்கிறார். பெரியம்மா, "கனடா உயர் ஸ்தானிகராலயத்துக்கு ஒரு கடிதம் போடு, பயத்தில் காசு வரும்" என்கிறார். கையெழுத்திடலாமா என்று மட்டுமே கேட்டிருக்கிறீர்கள். ஆனால் அடுத்த ஆண்டு எந்த நாட்டில் இருப்பார் என்று அவருக்கே தெரியாத ஒரு மனிதரோடு சேர்ந்து ஒரு பிள்ளையை எப்படி வளர்ப்பது என்பதுதான் உங்களை உறங்கவிடாமல் வைத்திருக்கிறது என்று நினைக்கிறேன். இரண்டுக்கும் பதில் சொல்லப் பார்க்கிறேன்.

கொழும்பு புதுக்கடை நீதிமன்றங்களில் பல ஆண்டுகளாகக் குடும்ப வழக்குகளில் ஆஜராகி வருகிறேன். இலங்கைச் சட்டத்தைப் பற்றி இங்கே சொல்வதை உறுதியாகச் சொல்கிறேன். கனடா விஷயத்தில் அந்த நாட்டின் பொதுவான விதிகளை மட்டும் சொல்கிறேன். அவருடைய கோரிக்கையின் உள்விவரத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டியவர் அங்கே உரிமம் பெற்ற சட்டத்தரணி. உங்கள் விவாகரத்துத் தீர்ப்பையும் நான் பார்க்கவில்லை. அதிலுள்ள ஒரு வரி கீழே சொல்வதில் சிலவற்றை மாற்றக்கூடும்.

அண்ணாவின் கருத்திலிருந்து தொடங்குகிறேன். உங்கள் முன்னாள் கணவரின் விசா நிலை ஒன்று, தகப்பன் என்ற நிலை இன்னொன்று. முதலாவது ஆடுகிறது என்பதற்காக இரண்டாவது விழுந்துவிடாது. இலங்கையில் பிள்ளையின் பொறுப்பு ஒல்லாந்தர் காலத்திலிருந்து இங்கே வழங்கும் பொதுச் சட்டமான ரோமன் டச்சுச் சட்டத்தின் வழியே தீர்மானிக்கப்படுகிறது. நீதிமன்றம் எல்லாப் பிள்ளைகளுக்கும் மேலான பாதுகாவலராக நின்று பிள்ளையின் நலனை முதன்மையாகப் பார்க்கும். (யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பலர் "தேசவழமைப்படி பிள்ளை யாருக்கு?" என்று என்னிடம் கேட்பதுண்டு. யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டமான தேசவழமை சொத்துக்கான சட்டம். இந்த விஷயத்தில் அது குறுக்கே வராது.) சந்திக்கும் உரிமை கொடுத்த கட்டளையை நீதிமன்றம் மாற்றும்வரை அது நிற்கிறது. நீங்களாகப் பேச்சை நிறுத்தினால், நாளை அவர் இங்கே ஒரு மனுப் போடும்போது அது உங்களுக்கு எதிராகத் திரும்பும். இந்த உறவில் வன்முறை இருந்திருந்தால் மட்டும் என் பதில் மாறும். அப்படியானால் 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் வழி இருக்கிறது. அழைப்புகளை இன்னொருவர் முன்னிலையில் நடத்தவும் நீதிமன்றத்திடம் கேட்கலாம். அதை உங்கள் சட்டத்தரணியிடம் முதல் நாளே சொல்லுங்கள்.

"விசா இல்லாதவன்" என்பதும் சரியான சித்திரம் இல்லை. கனடாவில் அகதிக் கோரிக்கை விசாரணைக்கு ஏற்கப்பட்ட ஒருவர் ஒளிந்து வாழ்கிறவர் அல்ல. வெளியேற்றக் கட்டளை ஒன்று நிபந்தனையோடு அவர் பெயரில் போடப்பட்டிருக்கும். கோரிக்கை முடியும்வரை அதை நிறைவேற்ற மாட்டார்கள். மருத்துவப் பரிசோதனை முடிந்தபின் வேலை அனுமதிப் பத்திரம் பெறலாம். ஆகவே "எனக்கு வேலை செய்ய உரிமை இல்லை, அதனால்தான் பணம் அனுப்பவில்லை" என்று அவர் சொன்னால் அதை அப்படியே ஏற்றுக்கொள்ளாதீர்கள். அதே நேரம் விசாரணைக்குக் காத்திருக்கும் காலம் ஆண்டுக் கணக்கில் நீள்கிறது என்பதும், அந்தக் காத்திருப்பு ஒரு மனிதரை உள்ளே அரித்துவிடும் என்பதும் உண்மை.

இனிப் படிவம். எந்தப் படிவம் என்று பெயரும் இலக்கமும் கேளுங்கள், முழுப் பிரதியை அனுப்பச் சொல்லுங்கள். கோரிக்கை நிலுவையில் இருக்கும் கட்டத்தில் அவர் தன் பத்திரங்களில் மகனின் பெயரையும் பிறந்த தேதியையும் எழுத வேண்டும். அதற்கு உங்கள் கையெழுத்துத் தேவையில்லை. பிறப்புச் சான்றிதழின் பிரதி போதும். அதைத் தாராளமாகக் கொடுங்கள். கோரிக்கை ஏற்கப்பட்டால் அடுத்து அவர் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிப்பார். அப்போது தன் பிள்ளைகள் எல்லோரையும், கூட வருகிறவரோ இல்லையோ, முன்னாள் மனைவியின் பொறுப்பில் இருக்கிறவரோ இல்லையோ, அறிவித்தாக வேண்டும். அறிவிக்காமலும் பரிசோதிக்கப்படாமலும் விட்ட பிள்ளையைப் பிற்காலத்தில் குடும்பப் பிரிவில் அழைக்க முடியாமல் போகலாம். கோபத்தில் "என் பிள்ளையின் பெயரை எதிலும் போடாதே" என்று தடுத்த தாய்மாரை நான் பார்த்திருக்கிறேன். அந்தத் தடை தகப்பனைத் தொடுவதில்லை, பத்து ஆண்டு கழித்து மேற்படிப்புக்குப் போக நினைக்கும் பிள்ளையின் ஒரு கதவை மூடுகிறது. பெயர் சேர்ப்பதும், கனடா அங்கீகரித்த மருத்துவரிடம் இங்கேயே பிள்ளையைக் காட்டுவதும் பிள்ளையை அனுப்பிவைக்கச் சம்மதிப்பது ஆகாது.

சம்மதம் ஆவது வேறொரு படிவம். ஐ.எம்.எம். 5604 என்ற இலக்கம் கொண்ட அது, கூட வராத பெற்றோர் செய்யும் பிரகடனம். இந்தப் பிள்ளை கனடாவில் குடியேறுவதற்கு நான் உடன்படுகிறேன் என்று அதில் கையெழுத்திடுகிறீர்கள். சுற்றுலாவுக்கோ விடுமுறைக்கோ உரிய கடிதம் அல்ல அது. அந்தப் படிவத்தை அவர் இப்போதே அனுப்பினால், கோரிக்கை முடியாத இந்த நேரத்தில் அது எதற்கு என்று கேளுங்கள். பெரும்பாலும் யாரோ ஒரு முகவர் "எல்லாவற்றையும் முன்கூட்டியே எடுத்து வை" என்று சொல்லியிருப்பார். வெற்றுப் படிவத்தில், தேதி போடாத படிவத்தில், உங்களுக்குப் புரியாத மொழியில் உள்ள படிவத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். இந்த ஒரு விஷயத்தில் நீங்கள் பிடிவாதமாகவே இருக்கலாம்.

இதை ஒட்டி இன்னொன்று. விசாரணை நெருங்கும்போது ஊரிலிருந்து கடிதம் கேட்பார்கள். "என்னைத் தேடி வீட்டுக்கு ஆட்கள் வந்தார்கள் என்று எழுதிக் கொடு" என்று கேட்கலாம். வந்திருந்தால் எழுதுங்கள், வராவிட்டால் எழுதாதீர்கள். இன்னும் சிலர் விவாகரத்தை மறைத்து, மனைவி என்றே உங்கள் பெயரைப் போட்டுவிடுவார்கள். அப்படிச் செய்தால் உங்களையும் அழைத்துவிடலாம் என்று ஆசை காட்டுவார்கள். உண்மையை மறைத்த விண்ணப்பம் பிடிபட்டால் கனடாச் சட்டத்தில் ஐந்து ஆண்டு நுழைவுத் தடை வரை போகும். பொய்ச் சத்தியக்கடதாசி இங்கேயும் குற்றம். "மகனோடு வாரந்தோறும் பேசுகிறார், மகனுக்கு அவர் மேல் பாசம் உண்டு" என்பது உண்மையென்றால் அதை எழுதிக் கொடுப்பதில் தவறில்லை. அவர் மேல் எவ்வளவு கோபம் இருந்தாலும் அதை நான் பரிந்துரைப்பேன்.

பள்ளி விடுமுறைக்குப் பிள்ளையை அனுப்பு என்று கேட்டால் என்ன செய்வது என்பதை நீங்கள் கேட்கவில்லை, ஆனால் அது வரும். என் பதில்: அவருடைய நிலை தீரும்வரை வேண்டாம். காரணம் அவர் கெட்டவர் என்பதல்ல. சர்வதேசப் பிள்ளைக் கடத்தல் தொடர்பான 1980ஆம் ஆண்டின் ஹேக் உடன்படிக்கையில் இலங்கை சேர்ந்திருக்கிறது. 2001ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதற்காகவே இயற்றப்பட்டது. 16 வயதுக்கு உட்பட்ட பிள்ளையைத் தவறாகத் தடுத்து வைத்தால் வழமையாக வாழ்ந்த நாட்டுக்குத் திருப்பி அனுப்ப வேண்டும் என்பதே அதன் சாரம். ஓராண்டுக்குள் விண்ணப்பித்தால் வழக்கு வலுவாக நிற்கும். ஆனால் இலங்கையைப் போலப் பின்னர் சேர்ந்த நாடுகளின் விஷயத்தில், மற்ற நாடு அந்தச் சேர்க்கையை ஏற்றுக்கொண்டிருந்தால்தான் இரு நாடுகளுக்கிடையில் உடன்படிக்கை இயங்கும். எந்த நாட்டுக்குப் பிள்ளையை அனுப்பும் முன்பும் நீதி அமைச்சிடம் இதை எழுத்தில் கேட்டுப் பதில் வாங்குங்கள். இந்த உடன்படிக்கைக்கு இங்கே பொறுப்பான மத்திய அதிகாரி அந்த அமைச்சின் செயலாளர்தான்.

உடன்படிக்கை இயங்கினாலும் அகதி வழக்கில் ஒரு சிக்கல் உண்டு. அங்கே போன பிள்ளையின் பெயரிலும் ஒரு கோரிக்கை வைக்கப்படலாம். அகதியாக ஏற்கப்பட்ட ஒரு மெக்சிகோச் சிறுமியைத் தாயிடம் திருப்பி அனுப்பும் ஹேக் கட்டளையை ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2011இல் ரத்துச் செய்தது. அகதி அந்தஸ்து இருந்தால், திரும்பினால் ஆபத்து உண்டு என்ற அனுமானம் எழும் என்று அந்தத் தீர்ப்புச் சொன்னது. அதை மறுத்து நிரூபிக்கலாம், ஆனால் சுமை திருப்பிக் கேட்பவர் தலையில். உங்கள் மகனுக்கு அப்படி நடக்கும் என்று நான் சொல்ல வரவில்லை. நடந்தால் கொழும்பில் இருந்துகொண்டு ரொறன்ரோவில் வழக்காடும் செலவும் காலமும் உங்களுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

அவர் இங்கே வந்து பார்க்கலாமே என்றால், அதுவும் லேசில்லை. கோரிக்கை நிலுவையில் இருக்கும்போது கனடாவை விட்டு வெளியேறினால் கோரிக்கை கைவிடப்பட்டதாக முடியக்கூடும். ஏற்கப்பட்ட பிறகும், எந்த நாட்டுக்குப் பயந்து பாதுகாப்புக் கேட்டாரோ அதே நாட்டுக்கு, அதே நாட்டின் கடவுச்சீட்டில் வந்து போனால், பாதுகாப்புத் தேவை முடிந்துவிட்டது என்று அந்த அந்தஸ்தைப் பறிக்கச் சட்டத்தில் இடமுண்டு. நிரந்தர வதிவிடமும் அதோடு போகும். "வர மனமில்லை" என்று மகன் எண்ணிவிடக் கூடாது. வர முடியாத நிலை உண்மையானது. ஏற்கப்பட்டபின் அகதிப் பயணப் பத்திரத்தில் மூன்றாவது நாடொன்றுக்கு வந்து பிள்ளையைப் பார்க்கிறவர்கள் பலர். நம் ஆட்கள் வழக்கமாகச் சென்னையைத் தெரிவுசெய்கிறார்கள். இந்தியா ஹேக் உடன்படிக்கையில் சேரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். போனால் நீங்களும் கூடப் போங்கள், பிள்ளையின் கடவுச்சீட்டு உங்கள் கைப்பையில் இருக்கட்டும்.

கடவுச்சீட்டு என்றதும் இன்னொரு முடிச்சு. 16 வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைக்குக் கடவுச்சீட்டு எடுக்கும்போது பத்தரமுல்லையில் உள்ள குடிவரவு குடியகல்வுத் திணைக்களம் பெற்றோர் இருவரின் சம்மதத்தையும் கேட்கும். வெளிநாட்டில் இருக்கும் தகப்பன் அங்குள்ள இலங்கைத் தூதரகத்தின் ஊடாகச் சம்மதக் கடிதம் அனுப்புவதே வழமை. இலங்கை அரசுக்குப் பயந்து வந்தேன் என்று கோரிக்கை வைத்தவரை ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்துக்குப் போகச் சொன்னால், அது நாளை விசாரணையில் ஒரு கேள்வியாக வரும் என்று அவர் அஞ்சுவது நியாயம். அவர் மறுப்பதை உங்களுக்கு எதிரான பழிவாங்கலாக எடுத்துக்கொள்ள வேண்டாம். மாவட்ட நீதிமன்றத்தில் ஒரு மனுப் போட்டு, கடவுச்சீட்டு விஷயத்தில் தாயின் கையெழுத்து மட்டும் போதும் என்ற கட்டளையைக் கேட்டு வாங்குங்கள். இங்கே ஒரு நுணுக்கம்: பிள்ளையின் பொறுப்பு உங்களுக்குத் தரப்பட்டிருந்தாலும், இயற்கைப் பாதுகாவலர் என்ற தகப்பனின் நிலை தனியாக மாற்றப்படாதவரை அப்படியே இருக்கும். ஆகவே உங்கள் தீர்ப்பில் எந்தச் சொற்கள் உள்ளன என்று பாருங்கள். அவர் ஆட்கள் மூலம் பிள்ளையைக் கொண்டுபோய்விடுவார் என்ற நிஜமான பயம் இருந்தால், பிள்ளை நாட்டை விட்டு வெளியேறுவதைத் தடுக்கும் கட்டளையையும் நீதிமன்றத்திடம் கேட்கலாம். அது திணைக்களத்துக்கு அனுப்பப்படும்.

தாபரிப்புக்கு, அதாவது பிள்ளையின் செலவுப் பணத்துக்கு, சட்டம் தெளிவு: 1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் மாதத் தொகை கேட்கலாம். நடைமுறைதான் கடினம், ஆள் கடல் கடந்து இருக்கிறார். இங்கே அவர் பெயரில் காணியோ வீட்டில் பங்கோ இருந்தால் அதைச் சட்டத்தரணியிடம் சொல்லுங்கள். பணத்தை உண்டியலில் (வங்கிக்கு வெளியே ஆட்கள் மூலம் கைமாறும் வழியில்) அனுப்ப வேண்டாம், சிறு தொகையானாலும் வங்கி வழியாக உங்கள் கணக்குக்கு அனுப்பட்டும் என்று அவரிடம் கேளுங்கள். உண்டியல் பணத்துக்குச் சான்று கிடையாது; நாளை "ஒரு சதமும் தரவில்லை" என்று நீங்களும், "மாதாமாதம் தந்தேன்" என்று அவரும் சத்தியம் செய்ய வேண்டியிருக்கும். நிரந்தரமில்லாத வேலையில் இருக்கிறவரிடம் பெரிய தொகையை எழுதி வாங்கிவிட்டு ஏமாறுவதைவிட, அவரால் தவறாமல் தரக்கூடிய தொகையை எழுதி, வருமானம் கூடும்போது மீள்பார்க்கலாம் என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. நிலுவையை விட்டுக் கொடுத்ததாக மட்டும் எழுதாதீர்கள்.

பெரியம்மாவின் யோசனைக்கு வருகிறேன். எழுதாதீர்கள். அந்தக் கடிதம் எங்கே போகும், எவ்வளவு தூரம் போகும் என்பது உங்கள் கட்டுப்பாட்டில் இருக்காது. அவர் வெளியேற்றப்பட்டால் தாபரிப்பு அதிகரிக்கப் போவதில்லை, இருந்த வருமானமும் போகும். கட்டுநாயக்கா விமான நிலையத்தில் அவர் விசாரிக்கப்படலாம். என்றோ ஒருநாள் "அம்மாதான் எழுதினா" என்று யாராவது மகனின் காதில் போடுவார்கள். காசுக்காக மிரட்டினீர்கள் என்ற ஒரு செய்தி அவருடைய தொலைபேசியில் இருந்தால், நாளை நீதிமன்றத்தில் உங்கள் பக்கம் பலவீனப்படும். கோபத்தில் அனுப்பும் ஒரு குரல் பதிவும் சான்றுதான்.

பிறகு, அந்த வாராந்த அழைப்பு. எல்லாப் பத்திரங்களையும்விட எனக்கு இதில்தான் அக்கறை அதிகம், ஏனென்றால் பிள்ளைக்குத் தகப்பன் இப்போது அந்தத் திரைதான். கொழும்புக்கும் ரொறன்ரோவுக்கும் கோடையில் ஒன்பதரை மணி, குளிர்காலத்தில் பத்தரை மணி வித்தியாசம். மார்ச்சிலும் நவம்பரிலும் அங்கே கடிகாரம் மாறும்போது அழைப்பு ஒரு மணி நேரம் தவறி, "அப்பா மறந்துவிட்டார்" என்று பிள்ளை அழுவது நடக்கும். ஞாயிறு மாலை ஆறு மணி, கொழும்பு நேரம் என்று ஒரே நேரத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள். அந்த வேளையில் டியூஷன் வைக்காதீர்கள். கோரிக்கை, விசாரணை, பணம் எதையும் பிள்ளை காதில் படப் பேசுவதில்லை என்று இருவரும் எழுத்தில் உடன்படுங்கள். பெரியவர்கள் பேச வேண்டியது வேறு நாளில், செய்தியாக. "அப்பா எப்போது வருவார்?" என்று கேட்டால் தேதி சொல்லாதீர்கள், தேதி சொல்ல அவரையும் விடாதீர்கள். "அங்கே ஒரு அலுவலகம் முடிவு சொல்ல வேண்டும், நாள் ஆகும், ஞாயிறு பேசுவார்" என்றால் எட்டு வயதுப் பிள்ளைக்குப் புரியும். விசாரணை நடக்கும் வாரத்தில் அவர் பேசும் நிலையில் இல்லாமல் போகலாம். ஒரு வாரம் தவறினால் குற்றம் பிடிக்காமல் விடுங்கள்.

நீதிமன்றத்தில் கட்டளையைத் திருத்தப் போகும்போது இதையெல்லாம் மூன்று நிலைக்கும் பொருந்தும்படி எழுதச் சொல்லுங்கள்: நிலுவையில் உள்ளவரை என்ன, ஏற்கப்பட்டால் என்ன, நிராகரிக்கப்பட்டுத் திரும்பி வந்தால் என்ன. மூன்றாவதை யாரும் எழுதுவதில்லை. திரும்பி வருகிறவர் கடனோடும் அவமானத்தோடும் வருவார். வந்த மறுநாளே பிள்ளையை வார இறுதிக்குத் தா என்பார். முதல் சில வாரங்கள் உங்கள் வீட்டிலோ உறவினர் வீட்டிலோ இரண்டு மணி நேரச் சந்திப்பு, பிறகு பகல் முழுவதும், பிறகு இரவு தங்கல் என்று படிப்படியாகப் போக முன்கூட்டியே எழுதிவைத்தால் அன்றைக்குச் சண்டை வராது. அவர் இங்கே நேரில் வர முடியாததால், இங்குள்ள ஒருவருக்கு அற்றோணித் தத்துவம் (தன் சார்பில் செயற்படும் அதிகாரப் பத்திரம்) கொடுப்பதா, சட்டத்தரணி மூலம் ஆஜராவதா என்பதில் மீண்டும் அந்தத் தூதரகச் சிக்கல் எழும். அதை அவருடைய கனடாச் சட்டத்தரணியே தீர்மானிக்கட்டும். ஒன்ராறியோவில் அகதி வழக்குகளுக்கு அரச சட்ட உதவி உண்டு என்பதையும் அவருக்குச் சொல்லுங்கள். உரிமம் இல்லாத முகவர்களிடம் பணத்தைக் கொட்ட வேண்டியதில்லை.

இந்த வாரம் அவருக்கு இப்படிப் பதில் அனுப்புங்கள்: "பிறப்புச் சான்றிதழின் பிரதி இணைத்திருக்கிறேன், தம்பியின் பெயரை உண்மையான விவரங்களோடு சேருங்கள். கையெழுத்துத் தேவையான படிவத்தின் இலக்கத்தையும் முழுப் பிரதியையும் உங்கள் சட்டத்தரணி மூலம் அனுப்புங்கள், என் சட்டத்தரணி பார்த்தபின் பதில் தருகிறேன்." சட்டத்தரணிக்குச் செலவழிக்க வசதியில்லை என்றால், புதுக்கடை மேல் நீதிமன்றக் கட்டடத் தொகுதியில் உள்ள சட்ட உதவி ஆணைக்குழுவுக்குப் போங்கள். விவாகரத்துத் தீர்ப்பின் அத்தாட்சிப்படுத்திய பிரதி, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், கடவுச்சீட்டு இருந்தால் அதன் பிரதி, வங்கிக் கூற்று, அவர் அனுப்பிய செய்திகளின் அச்சுப் பிரதி, உங்கள் வருமானச் சான்று ஆகியவற்றைக் கையோடு கொண்டுபோங்கள். செய்திகளில் உங்களுக்குச் சங்கடமானவை இருந்தாலும் அவற்றையும் சேர்த்தே காட்டுங்கள்.